இயங்குதளத்துக்குள்ளேயே தரவுத்தளம் இருந்தால் என்ன லாபம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்ருட்டி முந்திரி மண்டி, கடலூர் முதுநகர் மீன் ஏற்றுமதி அலுவலகம், புதுச்சேரி போட்டோ ஸ்டுடியோ போன்ற இடங்களில் கம்ப்யூட்டரையும் பேக்கப்பையும் கவனித்துக்கொள்பவர்களும், இங்கே கல்லூரிகளில் புராஜெக்ட் செய்யும் மாணவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

மைஎஸ்கியூஎல் இன்ஸ்டால் செய்தால் தரவுத்தளம் வந்துவிடுகிறது. பிறகு "ஒருங்கிணைப்பு" எதற்கு?

மைஎஸ்கியூஎல் இயங்குதளத்தின் மேல் ஓடும் இன்னொரு புரோகிராம், அவ்வளவுதான். அது வட்டில் வைத்திருக்கும் கோப்புகள் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் வெறும் பைட்டுகள். அவற்றில் எது வாடிக்கையாளர் பெயர், எது பாக்கித் தொகை என்று இயங்குதளத்துக்குத் தெரியாது. ஒருங்கிணைப்பு என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு வேலைகள் பேச்சில் கலந்துவிடுகின்றன.

முதல் வேலை வடிவம். "பில் என்றால் அதில் எண், தேதி, பெயர், தொகை இருக்கும்" என்பதை இயங்குதளமே அறிந்து வைத்திருப்பது. இரண்டாவது தேடல். "சென்ற ஐப்பசியில் இந்த வியாபாரி தொடர்பாக வந்த எல்லாம்" என்று கேட்டால், எந்த ஃபோல்டரில் கிடந்தாலும் எடுத்துக் கொடுப்பது. மூன்றாவது டிரான்ஸாக்ஷன். நான்கு கோப்புகளைச் சேர்த்து மாற்றும்போது நான்கும் மாறும், அல்லது ஒன்றுமே மாறாது என்ற உறுதி.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டிரான்ஸாக்ஷன் இயங்குதளம் கட்டாயம் தர வேண்டிய ஒன்று. தேடலைத் தந்தால் நல்லது, ஆனால் விரைவாகத் தேட உதவும் பட்டியலான அதன் இன்டெக்ஸை எந்த நேரத்திலும் அழித்துவிட்டு மறுபடி கட்ட முடிய வேண்டும். வடிவத்தைப் பொறுத்தவரை, பொதுப் பயன்பாட்டுக்கான இயங்குதளம் அதில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

ஃபோல்டர் முறையில் அப்படி என்ன குறை?

ஒரு பொருளை ஒரே இடத்தில்தான் வைக்க முடியும் என்பதே குறை. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஓலைச்சுவடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுப்பு 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. பொதுவாக ஒரு சுவடிக் கட்டில் பல நூல்கள் இருக்கும், ஒரே நூலின் படிகள் பல கட்டுகளில் கிடைக்கும். ஸ்கேன் செய்த படங்களைக் கட்டுவாரியாக ஃபோல்டரில் போட்டால் நூல்வாரியாகத் தேட முடியாது. நூல்வாரியாகப் போட்டால் கட்டின் வரிசை குலைந்துவிடும். இரண்டு விதமாகவும் நகல் எடுத்து வைத்தால் ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் வராது. பலவற்றுக்குப் பல என்ற இந்த உறவைத் தரவுத்தளம் ஒரு கூடுதல் டேபிளில் முடித்துவிடும். ஃபோல்டர் மரத்தால் அது முடியாது.

முந்திரி மண்டியிலும் இதே சிக்கல்தான். ஒரு லோடுக்கு எடைச்சீட்டு, லாரி ரசீது, ஜிஎஸ்டி பில், வாட்ஸ்ஆப்பில் வந்த படம் என்று நான்கு கோப்புகள் சேரும். வியாபாரி பெயரில் ஃபோல்டர் வைத்தால் லாரிவாரியாகக் கணக்கு எடுக்க ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

இப்படி ஒன்றாகக் கட்டி ஜெயித்த இயங்குதளம் உண்டா?

உண்டு. ஐபிஎம் 1978-இல் அறிவித்த சிஸ்டம்/38, அதன் வழியில் 1988-இல் வந்த ஏஎஸ்/400, இன்று ஐபிஎம் ஐ என்ற பெயரில் ஓடுவது. வங்கி, காப்பீடு, கிடங்கு வேலைகளில் இந்தக் குடும்பம் இன்றும் ஓடுகிறது.

அதில் தரவுத்தளத்தைத் தனியாக இன்ஸ்டால் செய்யும் வேலையே கிடையாது. கோப்பு என்றாலே ரெக்கார்டுகள் கொண்டதுதான். ரெக்கார்டுகள் இருப்பது ஃபிசிக்கல் ஃபைல். அதையே வேறு வரிசையில், வேறு வடிகட்டலில் காட்டுவது லாஜிக்கல் ஃபைல். ஆர்பிஜி மொழியில் எழுதிய பழைய புரோகிராம் ஒவ்வொரு ரெக்கார்டாகப் படிக்கும் அதே டேபிளை, பக்கத்தில் இன்னொருவர் எஸ்கியூஎல் என்ற கேள்வி மொழியில் கேட்கலாம். பயனர் அனுமதி, பேக்கப், லாக் (பூட்டு) எல்லாம் இயங்குதளத்தின் ஒரே வழியில் போகும். நினைவகமும் வட்டும் ஒரே முகவரி வெளியாக இருப்பதால் "எந்த டிரைவ், எந்தப் பாதை" என்ற பேச்சே எழாது.

இதன் உண்மையான லாபம் நிர்வாகத்தில் தெரியும். தரவுத்தளத்தின் பதிப்பும் இயங்குதளத்தின் பதிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்ற பிரச்சினையே அங்கே எழுவதில்லை. ஒரே நிறுவனம், ஒரே சோதனை, ஒரே அப்டேட்.

தவறு நடக்கும் இடங்களும் உண்டு. டிரான்ஸாக்ஷன் கட்டுப்பாடு வேண்டுமென்றால் அந்த ஃபிசிக்கல் ஃபைலுக்கு ஜர்னலிங் (ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகக் குறித்து வைப்பது) தொடங்கியிருக்க வேண்டும். அதைத் தொடங்காமல் கமிட் (மாற்றங்களை உறுதிசெய்வது) கேட்கும் புரோகிராமை ஓட்டினால் பிழை வரும். அந்த மாற்றக் குறிப்புகள் சேரும் ரிசீவர்களைச் சேமித்துவிட்டு அழிக்கும் ஏற்பாடு இல்லையென்றால் அவை வட்டை நிரப்பும். எல்லாமே ஒரே சேமிப்பு வெளியில் இருப்பதால், வட்டு நிறைந்தால் ஒரு செயலி மட்டும் நிற்காது, முழு இயந்திரமே நின்றுவிடும். அதனால் எச்சரிக்கை வரம்பைத் தாண்டியதும் யாருக்குச் செய்தி போகும் என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்.

இது ஜெயித்ததற்குக் காரணம் வன்பொருள், இயங்குதளம், தரவுத்தளம், மொழி நான்கும் ஒரே கையில் இருந்தது. அங்கே ஓடுவதும் வணிகப் புரோகிராம்கள்தான். கணினியில் என்னென்ன வரும் என்று முன்கூட்டியே தெரியாத இடத்துக்கு இந்த வெற்றியை அப்படியே கொண்டுவர முடியாது.

வீட்டுக் கணினியில் யாரும் முயலவில்லையா?

பீஓஎஸ் என்ற இயங்குதளம் முயன்றது, அழகாகவே செய்தது. அதன் முதல் பதிப்புகளில் வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமை ஒரு பக்கமும் தனித் தரவுத்தளம் இன்னொரு பக்கமுமாக இருந்தன. கோப்பை நீக்கினால் தரவுத்தளத்தில் அதன் பதிவு அப்படியே தங்கிவிடும், பதிவு மாறினால் கோப்புக்குத் தெரியாது. இந்த இரண்டும் பொருந்தாமல் போவதே பெரும் தலைவலி ஆனதால், டொமினிக் ஜம்பாவ்லோவும் சிரில் மெரியோனும் 1996, 1997 வாக்கில் பிஎஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைமையை எழுதினார்கள். முழுத் தரவுத்தளத்தையும் அவர்கள் உள்ளே இழுக்கவில்லை. ஒவ்வொரு கோப்போடும் பெயர்-மதிப்பு ஜோடிகளாகக் குறிப்புகள், அந்தக் குறிப்புகளுக்கு இன்டெக்ஸ், அந்த இன்டெக்ஸில் குவரி (தேடல் கேள்வி) ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அதில் ஒரு மின்னஞ்சல் என்பது ஒரு கோப்பு. அனுப்பியவர், பொருள், படித்தாயிற்றா இல்லையா என்பவை குறிப்புகள். ஒருவரின் தொடர்பு விவரம் ஒரு கோப்பு, அதன் உள்ளடக்கம் 0 பைட், பெயரும் தொலைபேசி எண்ணும் குறிப்புகளில்தான் இருக்கும். "படிக்காத கடிதங்கள்" என்ற குவரியைச் சேமித்து வைத்தால் அது ஒரு ஃபோல்டர் போலத் திறக்கும். புதுக் கடிதம் வந்த நொடியே தானாகப் பட்டியலில் சேரும்.

இன்று இதைக் கையால் தொட்டுப் பார்க்க பீஓஎஸ் வழியில் எழுதப்பட்ட ஹைக்கு என்ற திறந்த மூல இயங்குதளம் இருக்கிறது. மெய்நிகர் இயந்திரத்தில் ஏற்றிப் பாருங்கள். இரண்டு இடங்களில் எல்லோரும் தடுமாறுவார்கள். இன்டெக்ஸ் உருவாக்குவதற்கு முன்பே இருந்த கோப்புகள் அந்த இன்டெக்ஸில் வராது. அவற்றுக்கு மறு-இன்டெக்ஸ் கட்டளையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அடுத்து, குவரியில் குறைந்தது ஒரு புலமாவது இன்டெக்ஸ் உள்ளதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பதில் வெறுமையாக வரும், "கோப்பே இல்லை போல" என்று நினைத்துவிடுவோம்.

ஜம்பாவ்லோ பின்னர் ஆப்பிளுக்குப் போய், 2005-இல் வந்த ஸ்பாட்லைட் தேடலில் வேலை செய்தார். அங்கே இன்டெக்ஸ் கோப்பு முறைமைக்கு வெளியே இருக்கிறது. ஒரு கோப்பு மாறியதும் இயங்குதளத்தின் கருவான கெர்னல் செய்தி அனுப்பும், இன்டெக்ஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

மைக்ரோசாஃப்ட்டின் வின்எஃப்எஸ் ஏன் கைவிடப்பட்டது?

விண்டோஸுக்குள்ளேயே தரவுத்தளம் தரும் இந்தத் திட்டத்தை 2003-இல் லாங்ஹார்ன் என்ற அடுத்த விண்டோஸின் தூணாக அறிவித்தார்கள். 2004 ஆகஸ்டில் அந்த வெளியீட்டிலிருந்து எடுத்தார்கள். 2006 ஜூனில் தனி வெளியீடாகவும் வராது என்று அறிவித்தார்கள். அதற்காகச் செய்த வேலையில் ஒரு பங்கு எஸ்கியூஎல் சர்வர் 2008-க்குப் போனது.

வின்எஃப்எஸ், விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்று இல்லை. அதன் மேல் உட்கார்ந்த, எஸ்கியூஎல் சர்வரின் இயந்திரத்தில் ஓடிய ஓர் அடுக்கு. ஆகவே ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு அடுக்குகளின் விலை. ஆனால் அதைவிடப் பெரிய முடிச்சு வடிவத்தில் இருந்தது என்பது எங்கள் கணிப்பு. "தொடர்பு நபர்" என்றால் என்னென்ன புலங்கள் என்று எல்லாச் செயலிகளும் ஒத்துக்கொண்டால்தான் அந்தத் திட்டத்தால் பயன். நம்மூரிலேயே பாருங்கள். ஒருவருக்கு முதலெழுத்து முன்னால், இன்னொருவருக்குப் பின்னால். தந்தை பெயர் ஒரு படிவத்தில் தனிப் புலம், இன்னொன்றில் பெயரின் பாகம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆவணம் வைத்திருக்கும் குடும்பத்தில் குடும்பப்பெயர் என்ற புலமும் நிரப்பப்பட்டிருக்கும். இதை இயங்குதளத்தின் அடியில் ஒரே வடிவமாகப் பதித்துவிட்டால், பிறகு ஒரு புலத்தை மாற்றுவதற்கு இயங்குதளத்தின் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும்.

இதே காலத்தில், 2007-இல் பொதுச் சந்தைக்கு வந்த விஸ்டாவில், என்டிஎஃப்எஸ்ஸுக்கு டிரான்ஸாக்ஷன் வசதியையும் தந்தார்கள். பல கோப்புகளை ஒரே டிரான்ஸாக்ஷனில் மாற்றலாம். எழுதும் முறை சிக்கலாக இருந்ததால் அதைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. இப்போது மைக்ரோசாஃப்டே வேறு வழியைப் பயன்படுத்தச் சொல்கிறது. இது போனதுதான் எங்களுக்கு உண்மையான வருத்தம்.

அப்படியானால் ஒருங்கிணைப்பே நடக்கவில்லையா?

நடந்தது, வேறு உருவத்தில். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட எஸ்கியூலைட் சர்வர் இல்லாத தரவுத்தளம். ஒரு நிரல் நூலகமாகப் புரோகிராமோடு சேர்ந்துவிடும், தரவு முழுவதும் ஒரே கோப்பில். ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் அதைத் தங்களோடே தருகின்றன. உங்கள் போனின் தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், வாட்ஸ்ஆப் அரட்டை, பிரவுசர் வரலாறு எல்லாம் எஸ்கியூலைட் கோப்புகள்தான். ஒவ்வொரு செயலியும் தன் வடிவத்தைத் தானே வைத்துக்கொள்கிறது, டிரான்ஸாக்ஷன் எல்லோருக்கும் ஒரே தரத்தில் கிடைக்கிறது. வின்எஃப்எஸ் மேலிருந்து செய்ய நினைத்ததில் பாதியை இது கீழிருந்து செய்துவிட்டது. கிடைக்காத மறுபாதி, செயலிகளுக்கு நடுவிலான பொதுத் தேடல்.

எஸ்கியூலைட் கோப்பு கெட்டுப்போவது எதனால்?

பெரும்பாலும் நான்கு காரணங்கள், நான்கையும் தவிர்க்கலாம்.

நெட்வொர்க் பகிர்வில் வைப்பது முதல் காரணம். ஒரு கணினியில் ஃபோல்டரைப் பகிர்ந்து, மூன்று கவுண்டரிலிருந்தும் அதே கோப்பைத் திறந்தால், ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் தடுக்கும் லாக் ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் வேல் (WAL) முறையில் வைத்திருந்தால் இன்னும் மோசம். அது எல்லாப் புரோகிராம்களும் ஒரே கணினியின் நினைவகத்தைப் பகிர்வதை எதிர்பார்க்கிறது, நெட்வொர்க் வழியாக அது நடக்காது. ஒன்றுக்கு மேற்பட்ட கணினி எழுத வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் போன்ற சர்வர் தரவுத்தளம் போடுங்கள்.

இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை வெறுமனே காப்பி எடுப்பது. வேல் முறையில் கடைசி மாற்றங்கள் பக்கத்தில் உள்ள "-வேல்" கோப்பில் இருக்கும். முதன்மைக் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்தால் இன்றைய பில்கள் அதில் இருக்காது. காப்பி ஓடும் நடுவில் எழுத்து நடந்தால் பாதி பழையது, பாதி புதியது. அதற்குரிய பேக்கப் கட்டளை இருக்கிறது, "வேக்கூம் இன்டூ" என்ற எஸ்கியூஎல் கட்டளையும் இருக்கிறது. இரண்டும் முழுமையான நகலைத் தரும். எடுத்த நகலின் மேல் "இன்டெக்ரிட்டி செக்" ஓட்டி, "ஓகே" என்று வந்த பிறகே பழைய நகலை அழியுங்கள்.

மூன்றாவது, கோப்பு கெட்டது என்று பதறி அந்த "-வேல்" அல்லது "-ஜர்னல்" கோப்பை நீக்குவது. மீட்க வேண்டிய தகவல் அதில்தான் இருக்கிறது.

நான்காவது, வட்டில் எழுதி முடியும் வரை காத்திருக்கச் செய்யும் ஒத்திசைவை "ஆஃப்" என்று வைப்பது. வேகம் கூடும், கரண்ட் போனால் கோப்பு போகலாம். பணக் கணக்குக்கு "ஃபுல்".

கரண்ட் போகும்போது சாதாரணக் கோப்புகளைப் பாதி எழுதிய நிலையில் விடாமல் இருப்பது எப்படி?

கடலூர்ப் பக்கம் இது வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30-இல் பெஞ்சலும் புதுச்சேரி அருகே கரையேறியது. ஜெனரேட்டருக்கும் ஈபி லைனுக்கும் மாறி மாறித் தள்ளும் அந்தச் சில நொடிகளில்தான் கோப்புகள் போகும்.

நீங்கள் எழுதும் புரோகிராமில் வரிசை இப்படி இருக்கட்டும். பழைய கோப்பைத் தொடாமல், அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் புதுக் கோப்பை முழுவதும் எழுதுங்கள். அதற்கு எஃப்சிங்க் (வட்டில் உண்மையிலேயே எழுதி முடிக்கச் சொல்லும் அழைப்பு) கொடுத்து, பிழை வருகிறதா என்று பாருங்கள். பிறகு பழைய பெயருக்கு ரீநேம் செய்யுங்கள். கடைசியாக அந்த ஃபோல்டருக்கும் எஃப்சிங்க் கொடுங்கள். தற்காலிகக் கோப்பை வேறு டிரைவில் வைத்தால் ரீநேம் நடக்காது. நீங்கள் அழைக்கும் கருவி அதைக் காப்பியாக மாற்றிக்கொண்டால் பயனே இல்லை. நடுவில் உள்ள எஃப்சிங்க்கை விட்டால் 2009 வாக்கில் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வந்த புதிதில் பலர் பார்த்த காட்சி வரும். பெயர் மாறியிருக்கும், கோப்பின் அளவு 0 பைட்டாக இருக்கும்.

கவனியுங்கள், இவ்வளவு செய்தும் பாதுகாப்பு ஒரே ஒரு கோப்புக்குத்தான். பில்லையும் இருப்புக் கணக்கையும் இரண்டு கோப்புகளில் வைத்திருந்தால், இரண்டு ரீநேம்களுக்கு நடுவில் கரண்ட் போகலாம். டிரான்ஸாக்ஷன் இயங்குதளத்திடமிருந்து வர வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். லினக்ஸ் 6.13-இல், 2025 ஜனவரியில், எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் ஒரு பிளாக் அளவுக்குப் பிளவுபடாமல் எழுதும் வசதி வந்திருக்கிறது. நல்ல தொடக்கம், ஆனால் அந்த வன்பொருளும் அதை ஆதரிக்க வேண்டும்.

வன்பொருளில் பார்க்க வேண்டியவை: யூபிஎஸ்ஸை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, அதன் யூஎஸ்பி கேபிளைச் சர்வரில் செருகி, பேட்டரி குறைந்ததும் தானாக ஷட்டவுன் ஆகும் மென்பொருளையும் அமைக்க வேண்டும். விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் மின்னிழப்பைத் தாங்கும் கெப்பாசிட்டர் இருக்காது. தரவுத்தளம் ஓடும் கணினிக்கு அது உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

தரவுத்தளம் எழுதுபவர்கள் இயங்குதளத்தை ஏன் நம்புவதில்லை?

தரவுத்தள ஆய்வாளர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1981-லேயே இந்தக் குறைகளை எழுதிவிட்டார். எந்தப் பக்கம் (தரவைப் பிரித்து வைக்கும் துண்டு) அடுத்து தேவைப்படும் என்று தரவுத்தளத்துக்குத் தெரியும், ஆனால் நினைவகத்திலிருந்து எதை வெளியேற்றுவது என்று முடிவெடுப்பது இயங்குதளம். அந்த இழுபறி இன்றும் தீரவில்லை.

ஒரே பக்கம் நினைவகத்தில் தரவுத்தளத்தின் பஃபரிலும் கெர்னலின் கேஷிலும் இரண்டு முறை உட்காரும். அதனால்தான் போஸ்ட்கிரெஸின் பகிர்வு பஃபரை மொத்த ரேமில் 25 சதவீதத்தில் தொடங்கச் சொல்கிறார்கள். 8 ஜிபி கணினிக்கு 2 ஜிபி. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி நேரடி எழுத்து முறையில் கெர்னல் கேஷைத் தவிர்த்துவிடலாம்.

பக்க அளவும் ஒத்துப்போவதில்லை. கோப்பு முறைமை 4 கேபி, போஸ்ட்கிரெஸ் 8 கேபி, இன்னோடிபி 16 கேபி. கரண்ட் போனால் 16-இல் 4 மட்டும் புதிதாக எழுதப்பட்டிருக்கும். இதற்காகவே இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை எழுதுகிறது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்குப் (நினைவக மாற்றங்களை வட்டில் கொட்டும் கட்டம்) பிறகும் முதல் மாற்றத்தில் முழுப் பக்கத்தையும் மாற்றப் பதிவேடான லாகில் எழுதுகிறது. இயங்குதளம் "முழுப் பக்கமும் பிளவுபடாது" என்று உறுதி தந்தால் இந்த இரட்டை வேலை மிச்சம்.

மிக மோசமானது 2018-இல் வெளிச்சத்துக்கு வந்தது. வட்டில் எழுதுவது தோற்றால் லினக்ஸ் ஒரு முறை பிழை சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைச் "சுத்தம்" என்று குறித்துவிடும். போஸ்ட்கிரெஸ் மறுபடி எஃப்சிங்க் கேட்டால் வெற்றி என்று பதில் வரும். தரவோ வட்டில் இல்லை. 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு லாகிலிருந்து மீள்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு எங்காவது ஓடினால் இன்றே மாற்றுங்கள்.

தமிழ்ப் பெயரில் உள்ள கோப்பைத் தேடினால் கண்ணுக்கு முன்னால் இருந்தும் கிடைப்பதில்லையே?

"கொள்முதல்" என்று பெயர் வையுங்கள். "கொ"வின் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் ஒன்றே, யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8-இல் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். எக்ஸ்ட்4-உம் என்டிஎஃப்எஸ்ஸும் இரண்டையும் வேறு வேறு பெயராகவே பார்க்கும். ஒரே ஃபோல்டரில் இரண்டு "கொள்முதல்" இருக்கலாம். பழைய மேக்கின் கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாவற்றையும் பிரித்தே சேமித்தது, அங்கிருந்து வந்த கோப்புகளில் இது அடிக்கடி நடக்கும். எஸ்கியூலைட்டும் பைட்டைத்தான் ஒப்பிடும். ஆகவே உள்ளே போகும்போதும், தேடும்போதும், இரண்டு இடத்திலும் பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். "ௌ"வுக்குப் பதில் கொம்பும் "ள"வும் அடித்திருந்தால் என்எஃப்சி அதைச் சரி செய்யாது, தனியாகத் திருத்த வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் உள்ள ஆவணங்களை யூனிகோடாக மாற்றாமல் எந்த இன்டெக்ஸும் பயன்படாது.

பெயரின் நீளமும் இடிக்கும். எக்ஸ்ட்4-இல் பெயருக்கு 255 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறிகள். புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். என்டிஎஃப்எஸ்ஸில் 255 குறிகள் வரை போகலாம். விண்டோஸில் வைத்த நீளமான பத்திரத் தலைப்பு லினக்ஸ் சர்வருக்குக் காப்பி ஆகாமல் நிற்பது இதனால்.

வரிசையும் அப்படித்தான். யூனிகோடில் "ன" "ப"வுக்கு முன்னால் இருக்கிறது, நம் நெடுங்கணக்கில் கடைசி. குறி எண்படி வரிசைப்படுத்தினால் கனகசபை கபிலனுக்கு முன்னால் வந்துவிடுவார். ஐசியூ என்ற யூனிகோட் நிரல் நூலகத்தின் தமிழ் வரிசையைப் பயன்படுத்துங்கள், போஸ்ட்கிரெஸில் அது கிடைக்கும்.

இங்கேதான் இயங்குதளமும் தரவுத்தளமும் தனித்தனியாக இருப்பதன் விலை அப்பட்டமாகத் தெரிகிறது. 2018 ஆகஸ்டில் வந்த, லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சி 2.28 வரிசை விதிகளை மாற்றியது. இயங்குதளத்தை அப்டேட் செய்தவர்களின் போஸ்ட்கிரெஸ் இன்டெக்ஸ் பழைய விதியில், கேள்வி புதிய விதியில். இருக்கும் வாடிக்கையாளரை "இல்லை" என்று சொல்லும், தனித்தன்மை விதி இருந்தும் ஒரே எண் இரண்டு முறை நுழையும். உபுண்டு 18.04-இலிருந்து 20.04-க்கும், டெபியன் 9-இலிருந்து 10-க்கும் போகும்போது எழுத்துப் புலங்களின் எல்லா இன்டெக்ஸையும் மறுபடி கட்டுவது கட்டாயம். ஒரே கையில் இரண்டும் இருக்கும் ஐபிஎம் ஐ போன்ற அமைப்பில் இந்தப் பொருத்தத்தைப் பார்ப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு.

ஸ்கேன் படங்களைத் தரவுத்தளத்துக்குள் போடலாமா, வெளியே வைக்கலாமா?

மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஜிம் கிரே முதலானோர் 2006-இல் அளந்து பார்த்தார்கள். 256 கேபிக்குக் குறைந்தவை தரவுத்தளத்துக்குள்ளும், 1 எம்பிக்கு மேற்பட்டவை கோப்புகளாகவும் இருப்பது நல்லது என்று வந்தது. எஸ்கியூலைட் குழுவின் அளவீட்டில் சுமார் 10 கேபி உள்ள சிறு படங்களைத் தனித்தனிக் கோப்புகளைவிட 35 சதவீதம் வேகமாகப் படிக்க முடிந்தது. திருமண ஆல்பத்தின் சிறுபடங்கள் உள்ளே, மூலப் படங்கள் வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸிலேயே கோப்புக்குக் குறிப்பு ஒட்டும் வசதி இருக்கிறதாமே, அது போதுமா?

நீட்டிக்கப்பட்ட பண்புகள் என்ற அந்த வசதி இருக்கிறது, அதை மட்டும் நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். எக்ஸ்ட்4-இல் வழக்கமான அமைப்பில் ஒரு கோப்பின் குறிப்புகளுக்குச் சுமார் ஒரு பிளாக், அதாவது 4 கேபி. தமிழில் ஆயிரத்துச் சொச்சம் குறிகள். இன்டெக்ஸ் இல்லை, தேட வேண்டுமென்றால் ஒவ்வொரு கோப்பாகப் போய்ப் பார்க்க வேண்டும். சாதாரணக் காப்பிக் கட்டளை குறிப்பைக் கொண்டுபோகாது. பேக்கப் கருவிகளான ஆர்சிங்க், டார் இரண்டிலும் தனி விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். பென்டிரைவின் எக்ஸ்ஃபேட்டில் போனால் குறிப்பு காணாமல் போகும், எச்சரிக்கையும் வராமல் போகலாம். இன்னொன்று, நாம் மேலே சொன்ன "தற்காலிகக் கோப்பு, பிறகு ரீநேம்" முறையில் சேமிக்கும் செயலிகள் பலவும் பழைய கோப்பின் குறிப்பைப் புதியதுக்கு மாற்றுவதில்லை. ஒரு முறை திறந்து சேமித்தாலே ஒட்டியது போய்விடும்.

மாணவர் புராஜெக்டாக இதில் எதைச் செய்யலாம்?

ஃப்யூஸ் (கெர்னலைத் தொடாமல் கோப்பு முறைமை எழுத உதவும் வசதி) வழியாக ஒரு தேடல் கோப்பு முறைமை கட்டுங்கள். மூலக் கோப்புகள் ஒரு சாதாரண ஃபோல்டரில் கிடக்கட்டும், அவற்றைத் தொடாதீர்கள். பக்கத்தில் ஓர் எஸ்கியூலைட் கோப்பு: ஒன்று கோப்புகள் டேபிள், ஒன்று குறிச்சொற்கள் டேபிள், இரண்டையும் இணைக்கும் மூன்றாவது டேபிள். "வியாபாரி/மாதம்" என்று யாராவது பாதையைத் திறந்தால் அதைக் குவரியாக மாற்றி, கிடைத்தவற்றைப் பட்டியலாகக் காட்டுங்கள். முதலில் படிக்க மட்டும் விடுங்கள்.

சிக்கல் எங்கே வரும் என்று சொல்லிவிடுகிறோம். கோப்பை எதை வைத்து அடையாளம் காண்பது? கோப்பு முறைமை உள்ளே தரும் ஐநோட் எண், கோப்பை நீக்கிய பிறகு வேறு கோப்புக்குப் போகும், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹாஷ் திருத்தினால் மாறும், பாதை இடம் மாற்றினால் மாறும். நீங்களே ஓர் எண் கொடுத்து அதைக் கோப்புப் பெயரின் முன்னால் வையுங்கள், பேக்கப்பிலும் கூடவே வரும். கோப்பு மாற்றங்களை லினக்ஸின் இனோட்டிஃபை வசதி மூலம் கேட்டால், அது உள்ஃபோல்டர்களைத் தானாகக் கவனிக்காது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கண்காணிப்பு வேண்டும், பழைய கெர்னல்களில் பயனருக்கு 8192 என்பது வழக்கமான வரம்பு. நிகழ்வுகள் மிக வேகமாக வந்தால் வரிசை நிரம்பி வழிந்துவிட்டது என்ற செய்தி மட்டும் வரும், நடுவில் என்ன மாறியது என்று வராது. அந்தச் செய்தி வந்தால் முழு ஃபோல்டரையும் மறுபடி அலசுங்கள். எஸ்கியூலைட் கோப்பை அடியோடு நீக்கிவிட்டு, மூலக் கோப்புகளிலிருந்தும் குறிச்சொல் ஏற்றுமதியிலிருந்தும் அதை மறுபடி கட்டிக் காட்டும் கட்டளையையும் முதல் வாரமே எழுதிவிடுங்கள்.